உள்ளிருந்து திறக்காத கதவு

கார்க் கதவு திறக்கவில்லை. திறக்காது என்று பச்சையம்மாவுக்குத் தெரியும். திறக்காதபடி செய்தவளே அவள்தான்.

ஆனாலும் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு திகைப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க, உள்ளேர்ந்து தொறக்கலீங்க. வெளியிலேர்ந்து நீங்க வந்து தொறந்தாத்தான் உண்டு போலக்கீது."

அவள் புருஷன் துலுக்காணம் அதற்குள் அந்தப் பக்கம் இறங்கி, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். குனிந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பச்சையம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதோ சுற்றி வரப்போகிறான். காரின் மூக்கைச் சுற்றி, கொஞ்ச தூரம்தானே.

"தொறக்கலயா? அப்ப இந்தாண்ட நவுந்து வா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

அவள் நகர்ந்தாள். சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே இடுப்பை நுழைத்தாள். இடுப்பு பட்டு ஹாரன் அலறியது. தெருவே திரும்பிப் பார்த்தது.

எதிர்வீட்டு வாசலில் நின்ற செல்வி சிரித்தாள். "இன்னாக்கா, ஹாரன் அடிச்சிப் பழகறியா?"

"கதவு ரிப்பேரு."

"யேசுதாஸக் கூப்புடுக்கா. எங்க வண்டிக்கு அவன்தான். கைராசிக்காரன்."

உன் வண்டி, உன் மெக்கானிக், உன் புருஷன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பச்சையம்மா உள்ளே போனாள்.

எல்லாம் அந்த எதிர்வீட்டு வெள்ளைக் காரால் வந்தது.

கும்மிடிப்பூண்டியில் எஸ்டேட் என்று எல்லாரும் சொல்லும் தொழிற்பேட்டை வந்த பிறகு அந்தத் தெருவுக்கு இரண்டு கார்கள் வந்தன. ஒன்று துலுக்காணத்துடையது. லேத் பட்டறை வைத்து, ஆலைகளுக்குப் புஷ்ஷும் போல்ட்டும் கடைந்து கொடுத்து, அந்தக் காசில் வாங்கிய பழைய பச்சைக் கார். பல கை மாறி வந்தது. மொத்தமே இரண்டு கதவு. பின்னால் உட்காருகிறவர்கள் முன்சீட்டை மடக்கிவிட்டு, கோழிக் கூண்டுக்குள் போவதுபோல் குனிந்து போக வேண்டும். இன்னொன்று எதிர்வீட்டு வரதனுடையது. ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் அவன். கார் புதிது, பெண்டாட்டி செல்வியும் ஓரளவு புதிது.

காரைப் பார்த்துப் பச்சையம்மா பொறாமைப்படவில்லை. செல்வியின் நகையைப் பார்த்தும் இல்லை. வரதனின் நடையைப் பார்த்துத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

வெளியே போய்விட்டு வந்தால் வரதன் முதலில் இறங்குவான். செல்வி அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அவன் காரைச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பான். அவள் முதலில் ஒரு காலை வைப்பாள். கொலுசைச் சரிசெய்வாள். பிறகு அடுத்த காலை வைப்பாள். அதுவரைக்கும் அவன் கதவைப் பிடித்தபடியே நிற்பான். தெருக் குழாயடியில் குடங்கள் நிரம்பி வழியும். யாரும் எடுக்கமாட்டார்கள்.

"ராணிதாண்டி அவ" என்பாள் குழாயடி எல்லம்மா. "ஆம்பள கதவு தொறந்துவுட்டு எறங்கறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும். எம் புருசன் எனக்காகத் தொறந்தது சாராய பாட்டிலு ஒண்ணுதான். அதும் அவன் குடிக்க."

எல்லாரும் சிரிப்பார்கள். பச்சையம்மாவும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கும்போது யோசிப்பாள். துலுக்காணத்திடம் என்ன குறை? குடியில்லை. கை நீட்டியதில்லை. மார்க்கெட்டில் நல்ல மீன் கண்டால் அவளை நினைத்துத்தான் வாங்குவான். ஆனால் சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அவன் முன்னால் நடப்பான், அவள் பின்னால் ஓடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதிகமாகப் பார்த்தது அவன் முதுகைத்தான். அந்த முதுகில் எங்கே மச்சம், எந்தச் சட்டையில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். திரும்பி அவளை நோக்கி நடந்துவரும் துலுக்காணம் எப்படி இருப்பான் என்றுதான் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். அவ்வளவுதான். இதற்குப் போய்ப் பொறாமை என்று யாராவது பெயர் வைத்தால் அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள்.

வாய்ப்பும் ஒன்று வந்தது. அவள் தம்பி இராமலிங்கத்துக்குத் திருப்பாச்சூர் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளையின் அக்கா அவள்தான். தாலியின் முதல் முடிச்சை அவன் போட, மற்ற முடிச்சுகளை நாத்தனார் முடிச்சாக அவள் போட வேண்டும். சொந்தக்காரர் அத்தனை பேரும் வருவார்கள். வரதனும் செல்வியும் வருவார்கள். பந்தல் முன்னால் பச்சைக் கார் நிற்க வேண்டும். துலுக்காணம் சுற்றி வந்து கதவைத் திறக்க வேண்டும். அவள் ஒரு காலை வைக்க வேண்டும். கொலுசு இல்லை, பரவாயில்லை.

கேட்டால் செய்யமாட்டான். "கை இல்லியா ஒனக்கு?" என்பான். கேட்டு வாங்குவதில் என்ன இருக்கிறது? அவனே வர வேண்டும். அவன் வராவிட்டால் அவள் இறங்கவே முடியாது என்ற நிலை வர வேண்டும்.

போன மாதம் ஜன்னல் கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிட்டபோது துலுக்காணம் கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றினான். பச்சையம்மா பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தாள். உள்ளே ஒரு மெல்லிய கம்பி. "இது கழண்டுச்சின்னா கைப்புடி வெறும் பொம்மதான்" என்றான் அவன். அவள் மறக்கவில்லை. அவன் பட்டறைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் அட்டையைக் கழற்றினாள். கம்பியைக் கொக்கியிலிருந்து விடுவித்தாள். அட்டையைப் பழையபடி மாட்டினாள். பொம்மை தயார்.

அதன் பலன்தான் இந்த ஹாரன்.

ஞாயிற்றுக்கிழமை துலுக்காணம் கதவைச் சரிசெய்ய உட்கார்ந்தான்.

"யேசுதாஸக் கூப்புடறதுதானே?" என்றாள் எல்லம்மா, குடத்தோடு போகிறபோது.

"லேத்து வச்சினுக்கீறவன் ஊட்டுக்கு மெக்கானிக்கு வந்தான்னா எஸ்டேட்டே சிரிக்கும்." அவன் உள்பக்கத்து அட்டையில் ஸ்குரூடிரைவரை வைத்தான்.

பச்சையம்மா குறுக்கே கையை நீட்டினாள். "ஐய, அத்தக் கழட்டாதீங்க. அன்னைக்கி மாதிரி கண்ணாடி உள்ள உழுந்துடப் போவுது."

"அது சரிதான்."

"துருவாக்கீதோ இன்னாவோ. வெளிய பாருங்களேன்."

லேத்துக்காரனுக்குத் துரு என்ற சொல் போதும். எண்ணெயை ஊற்றினான். பூட்டின் நாக்கு அசையவில்லை என்று சுத்தியல் எடுத்து நாலு தட்டு தட்டினான். பிறகு இன்னும் நாலு. நாக்கு நன்றாக அசைந்தது. இப்போது கதவு உள்ளிருந்து திறந்தது. வெளியிலிருந்தும் திறந்தது. யாரும் திறக்காவிட்டாலும் திறந்தது.

இதைக் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் பொன்னேரிக்குப் போகும் வழியில், கவரைப்பேட்டை வளைவில்தான் கண்டுபிடித்தார்கள். கார் திரும்பியதும் கதவு ஆவென்று வாயைத் திறந்தது. பச்சையம்மாவின் மடியிலிருந்த பை உருண்டு வயலில் விழுந்தது.

"நைனா!" என்று செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டாள் அவள்.

"இன்னாத்துக்குக் கத்தற? கதவப் புடிச்சிக்கோ."

பொன்னேரி வரைக்கும் இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டே போனாள். கை மரத்துப்போயிற்று. பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. வெள்ளைக் கார் பக்கத்தில் வந்தது. செல்வி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கதவப் புடிச்சினு போற? கழண்டு போச்சா?"

"இல்ல. காத்துக்கு."

வெள்ளைக் கார் தூசியைக் கிளப்பிவிட்டுப் போயிற்று. பொன்னேரி துணிக்கடை வாசலில் இவர்கள் போய்ச் சேர்ந்தபோது, வரதன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். செல்வி முதல் காலைத்தான் வைத்திருந்தாள்.

அன்று பச்சையம்மா எடுத்த பட்டுச்சேலை செல்வி எடுத்ததைவிட விலை அதிகம். துலுக்காணம் விலையைக் கேட்டுவிட்டு எச்சிலை விழுங்கினான். ஏன் என்று கேட்கவில்லை. அவள் கை வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவன் ஒரு யோசனை செய்தான். பச்சையம்மா குளிக்கப்போனபோது குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. நாலு திருகு ஓட்டைகள்தான் இருந்தன. வாசலுக்கு வந்து பார்த்தாள். தாழ்ப்பாள் கார்க் கதவில் இருந்தது, வெளிப்பக்கமாக. துலுக்காணம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து அழகு பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க இது?"

"யாருக்கு வரும் இந்த மூளை? நீ உள்ள குந்தினதும் வெளிய தாப்பா போட்டுடுவேன். எந்த வளைவுலயும் தொறக்காது."

"குளிக்கறப்ப நான் இன்னா பண்றது?"

"பாடிக்கினே குளி. யாரும் வரமாட்டாங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. பாதியில் நின்றது. வெளியே தாழ்ப்பாள். அப்படியென்றால் வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். அவன்தான் திறக்க வேண்டும். வந்தே ஆக வேண்டும். கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார். தாழ்ப்பாள் வழியாகத் திறந்தால் என்ன?

அன்று அவள் நிஜமாகவே பாடிக்கொண்டு குளித்தாள்.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டார்கள். பிள்ளைகள் முந்தின நாளே மாமன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பின்சீட்டு நிறையச் சீர்த்தட்டு, வாழைத்தார், பித்தளைக் குடம். பெரியபாளையம் தாண்டி ரோடு மோசம். குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் தாழ்ப்பாள் கடகடவென்றது. அவளுக்கு அதுவே மேளம் மாதிரி இருந்தது.

திருப்பாச்சூரில் கோயில் வாசலில் பந்தல். முதல் நாள் மழையில் தரையெல்லாம் சேறு. பந்தலுக்கு முன்னால் வெள்ளைக் கார் நின்றிருந்தது. துலுக்காணம் அதற்குப் பக்கத்தில் காரை நிறுத்தினான். பெரியப்பா மகள்கள், சித்திமார்கள், பொன்னேரி அத்தை, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

துலுக்காணம் இறங்கினான். கதவைச் சாத்தினான். நடந்தான்.

காரின் மூக்கைச் சுற்றி, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, அவளை நோக்கி நடந்துவந்தான். பச்சையம்மா கண் கொட்டாமல் பார்த்தாள். அவனுக்குச் சின்னதாக ஒரு தொந்தி விழுந்திருந்தது. முன்னால் முடி குறைந்திருந்தது. நல்லாத்தான் இருக்கிறான் என்று நினைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முதல் காலைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

அவன் தாழ்ப்பாளை இழுத்தான்.

தாழ்ப்பாள் வரவில்லை. வழியெல்லாம் ஆடி வளைந்துபோயிருந்தது. பலமாக இழுத்தான். குமிழ் உடைந்து கையோடு வந்தது.

"பேஜாரு" என்றான் குமிழைப் பார்த்து. "சரி, அந்தாண்ட வழியா நவுந்து வா."

"மாட்டேன்."

"இன்னாது?"

"இந்தப் பக்கமாத்தான் எறங்குவேன்."

"தாப்பா ஒடஞ்சி போச்சி பச்ச. கண்ணாலதானே பாத்த?"

"எத்தையாவது பண்ணுங்க. நான் நவுர மாட்டேன்."

வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் செல்வி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் இன்னொரு தடவை இடுப்பால் ஹாரன் அடிப்பதைவிட காருக்குள்ளேயே கிழவியாகிவிடலாம் என்று இருந்தது பச்சையம்மாவுக்கு. பொன்னேரி அத்தை வந்து கெஞ்சினாள். யாரோ கடப்பாறை கொண்டுவந்தார். யாரோ அதைப் பிடுங்கிக்கொண்டு போனார். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்தாமல் கண்ணை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினார்.

பந்தலிலிருந்து ஒரு குரல் வந்தது. "நாத்தனார் எங்கப்பா? முகூர்த்தம் போயிடும்!"

இராமலிங்கமே மணையிலிருந்து எழுந்து கத்தினான். "அக்கா, நீ வராம நான் தாலி கட்ட மாட்டேன்!"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வீம்பைவிடத் தம்பி பெரியவன். வெட்கம் போனால் போகட்டும் என்று ஸ்டியரிங் பக்கம் நகர்ந்தாள். ஹாரன் அலறியது. கதவைத் தள்ளினாள். ஒரு விரற்கடை திறந்து டங்கென்று இடித்து நின்றது. பெண் வீட்டார் வந்த பஸ் அதற்குள் அந்தப் பக்கம் ஒட்டினாற்போல் வந்து நின்றிருந்தது.

"டிரைவர் எங்கடா?"

"நாஷ்டா பண்ணப் போய்க்கிறான்!"

கெட்டிமேளத்துக்குத் தவில்காரர் கையை உயர்த்திவிட்டார்.

துலுக்காணம் அவளை மறுபடி பழைய சீட்டுக்கு வரச் சொன்னான். இடது ஜன்னலுக்குள் இரண்டு கையையும் விட்டான். "கழுத்தக் கட்டிப் புடி" என்றான். அவள் பிடித்தாள். பட்டுச்சேலையும் சரிகையும் பூவுமாக அவளை ஜன்னல் வழியாக உருவி எடுத்தான். செருப்பு ரெண்டும் காருக்குள்ளேயே நின்றுவிட்டன. கீழே இறக்கிவிடப் பார்த்தான். கணுக்கால் ஆழம் சேறு. அவள் கட்டியிருந்தது அந்த விலைச் சேலை. அந்த விலை அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்படியே இரண்டு கையிலும் அவளைத் தூக்கிக்கொண்டு, பந்தலை நோக்கி ஓடினான்.

"எறக்கி வுடுங்க, மானம் போவுது!"

"பேசாத. மூச்சு வாங்குது." ஓடிக்கொண்டே சொன்னான். "இத்தன வருசமா அரிசி மூட்ட எங்க போவுதுன்னு இப்பத்தான் தெரியுது."

பந்தல் முழுக்கச் சிரித்தது. மாமன்மார்கள் விசில் அடித்தார்கள். பச்சையம்மா அவன் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டாள். மணையருகே அவளை நிற்க வைத்தபோது மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. முடிச்சுப் போட்டாள். முடிச்சு சரியாக விழுந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். பந்தல் ஓரத்தில் செல்வி நின்றாள். அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, துலுக்காணத்தின் சேறுபடிந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று பச்சையம்மாவுக்குப் புரிந்தது. நாளைக்குக் குழாயடியில் மொத்தமாகச் சிரித்துத் தீர்ப்பாள்.

திரும்பி வரும்போது பின்சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள். ராணியாகப் போனவள் மூட்டையாக வந்து சேர்ந்தாள். செய்ததெல்லாம் தன் கைதான் என்பதை நினைக்க நினைக்க அழுகை கூடிற்று.

"அழுவாத பச்ச" என்றான் துலுக்காணம். "யேசுதாஸையே கூப்புட்டு வுடறேன். எஸ்டேட்டு சிரிச்சா சிரிக்கட்டும்."

மறுநாள் மத்தியானம் யேசுதாஸ் வந்தான். துலுக்காணம் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டான். யேசுதாஸ் தாழ்ப்பாளைப் பார்த்தான். சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். அதைப் பெயர்த்து எடுத்தான். பூட்டின் நாக்கை நிமிர்த்தினான். பிறகு உள்பக்கத்து அட்டையைக் கழற்றினான். தொங்கிக்கொண்டிருந்த கம்பியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"இது தானா கழல்ற கம்பி இல்லம்மா" என்றான் மெதுவாக. "யாரோ கை வச்சாத்தான் வரும்."

பச்சையம்மா அவனருகே போனாள். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவருகிட்ட சொல்லிடாதப்பா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

யேசுதாஸ் கம்பியைக் கொக்கியில் மாட்டினான். அட்டையைப் பொருத்தினான். கதவை உள்ளிருந்து ஒரு தடவை, வெளியிலிருந்து ஒரு தடவை திறந்து காட்டினான். சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டு வெள்ளைக் காரைப் பார்த்தான்.

"நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்? அந்த வண்டி வாங்குன புதுசுல அந்தம்மா சொல்லித்தான் இதே உள்கம்பியக் கழட்டி வுட்டேன், இத்தினி நாளா மூச்சு வுட்டனா? இப்பக்கூட அங்கதான் போறேன், வெளிக் கைப்புடிக் கம்பியையும் கழட்டிடச் சொல்லிக் காலையிலேர்ந்து ஆள் மேல ஆள் வுடறாங்க."